வாய்க்கட்டு

சேர்வமலை அடிவாரத்தில் உமையாள் அம்மாவின் மடம் இருந்தது. மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு மதியச் சோறு போடுவதுதான் அந்த மடத்தின் முதல் வேலை. வேதாந்தமெல்லாம் அதற்கு அப்புறம்தான். பசியோடு உட்கார்ந்திருப்பவனிடம் என்ன பேசினாலும் அவன் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அம்மா சொல்வார்.

அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும். அவருடைய சீடர் வைத்தியலிங்கம் வயதில் அவருக்கு நன்றாகவே மூத்தவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு இன்னும் கட்டாக இருந்தது. மனைவி இறந்த பிறகு ஒரு பையோடு மடத்துக்கு வந்தார்.

"எனக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா. சும்மா கண்ணை மூடிக்கிட்டு உக்கார எனக்கு வரல" என்றார்.

"சமையற்கட்டைப் பாத்துக்கோங்க."

"எனக்குச் சமையல் தெரியாதே."

"சமைக்கத் தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க."

சமையற்கட்டு அப்போது சந்தை மாதிரி இருந்தது. காய் நறுக்கும் தெய்வானை வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். சாம்பார் இருளப்பன் பொறுப்பு. சோறு காத்தமுத்துவின் பொறுப்பு. இருவரும் வாலிபத்தில் ஒரே நாளில் மடத்துக்கு வந்தவர்கள். அன்றிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை.

"ஏய் இருளப்பா, நேத்து உன் சாம்பார்ல உப்பைத் தேடிப் பாதிப் பேர் இன்னும் வீடு போய்ச் சேரலையாம்" என்பார் காத்தமுத்து.

"உன் சோத்தை முழுங்க முடியாம மீதிப் பேர் இங்கதான் கிடக்கான்" என்பார் இருளப்பன்.

நடுவில் யாராவது கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "அண்ணே, புளி ஏறிப்போச்சு" என்று கத்துவார்கள். அதற்கு ஒரு சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் சாம்பார் சரியாகியிருக்கும்.

வைத்தியலிங்கத்துக்குத் தலை வலித்தது.

சன்னதிக்குப் பின்னால் சின்னதாக ஒரு மடைப்பள்ளி உண்டு. சாமிக்குப் படைப்பது மட்டும் அங்கே தயாராகும். சமைப்பவர் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்வார். பேச மாட்டார். ருசி பார்க்க மாட்டார். எச்சில் படக் கூடாது என்று ஏற்பட்ட பழைய வழக்கம். ஒரு நாள் அங்கே போய் நின்ற வைத்தியலிங்கத்துக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாள் பெரிய சமையற்கட்டில் எல்லோரையும் கூட்டினார்.

"சாமிக்கு ஒரு மரியாதை, சாப்பிட வர்ற ஜனங்களுக்கு ஒரு மரியாதையா?" என்று கேட்டார்.

கேள்வி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. எல்லோர் வாயிலும் துணி ஏறியது. பேச்சு நின்றது. ருசி பார்ப்பதும் நின்றது.

இன்னொன்றும் செய்தார். காலை வழிபாடு முடிந்ததும் அம்மா உள்ளே போய்விடுவார். மற்றவர்கள் நிற்பார்கள். முந்தின நாள் வேலையில் தவறு செய்தவர் பெயரை வைத்தியலிங்கம் சொல்வார். திட்டுவதில்லை. என்ன தவறு என்றுகூடச் சொல்வதில்லை. பெயர் மட்டும். மனிதன் தானாக யோசித்துத் திருந்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள்.

ஆரம்பத்தில் தினமும் பெயர்கள் இருந்தன. பிறகு குறைந்தன. அப்புறம் பெயரே இல்லாத நாட்கள் வந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்த்து, இப்படி ஒரு சமையற்கட்டை எங்கும் கண்டதில்லை என்று மெச்சினார்கள். வேலைக்காரர்களில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். இருந்தவர்கள் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தெய்வானை குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருப்பாள். பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். சாம்பார் மிச்சமாவதை வைத்தியலிங்கம் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் அம்மாவிடம் சந்தோஷமாக வந்து நின்றார்.

"இப்பல்லாம் சொல்றதுக்குப் பேரே இல்லம்மா."

"தப்பே நடக்கலையா?"

"நடக்கல."

"சத்தத்தையும் காணோம்."

"ஆமாம்மா" என்றார் வைத்தியலிங்கம், இன்னும் சந்தோஷமாக.

அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு விசேஷ நாள். மலைக்குக் கூட்டம் அலைமோதியது. பெரிய அண்டாவில் சோறு வெந்து நின்றது. அண்டாவின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் உண்டு. அவற்றில் கம்பைக் கோத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கி, வடிக்கும் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். தினமும் தூக்குகிறவர்கள் காத்தமுத்துவும் இருளப்பனும்தான். அன்றும் தூக்கினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் காத்தமுத்து பக்கத்து வளையம் கழன்றது. அண்டா சாய்ந்து, கொதிக்கிற கஞ்சி முழுவதும் அவர் கால்களில் கொட்டியது.

வாயில் துணி இருந்ததால் அவர் அலறியதுகூட முழுதாக வெளியே கேட்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து வைத்தியலிங்கம் அண்டாவைத் திருப்பிப் பார்த்தார். வளையத்தின் அடியில் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. கம்பி புகை ஏறிக் கறுத்துப் போயிருந்தது. இன்று நேற்றுக் கட்டியது இல்லை.

"இது யார் கட்டினது?"

"நான்தாங்கய்யா" என்றார் இருளப்பன்.

"வளையம் ஆடுறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுங்கய்யா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இருளப்பன் கழன்ற வளையத்தைக் கையில் எடுத்தார்.

"அண்டாவை மேடையில இடிச்சது காத்தமுத்துங்கய்யா. கை தவறிப் போச்சு. நான் வந்து சொன்னா, எப்படி ஆச்சுன்னு கேப்பீங்க. காலையில அவன் பேரு வந்துரும்."

"வந்தா என்ன? பேரைச் சொன்னா உயிரா போயிரும்?"

"முன்னாடி ஒரு தடவ வந்துச்சுங்கய்யா. அன்னைக்கு அவன் மக சாமி கும்பிட வந்து கூட்டத்துல நின்னுச்சு. அதுக்கப்புறம் அந்தப் புள்ள இந்தப் பக்கமே வரல. இவனும் சரியாச் சாப்பிடல, தூங்கல. அதான் நானே கம்பி வச்சுக் கட்டினேன். அவனுக்கு நல்லது செய்யறதா நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு இருளப்பன் வாய்த்துணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வைத்தியலிங்கத்துக்கு அது சாக்காகப் பட்டது. தொழிற்சாலையில் இந்த மாதிரி எத்தனையோ சாக்குகளைக் கேட்டவர் அவர்.

அம்மாவிடம் போனார்.

"தெரிஞ்சும் சொல்லாத ஆளை எப்படிம்மா வச்சுக்கிறது? இன்னைக்குக் கால். நாளைக்கு ஒரு உயிர் போகும். இருளப்பனை அனுப்பிடணும். நீங்க சம்மதிக்கணும்."

இருளப்பனுக்கு வீடு கிடையாது, குடும்பம் கிடையாது. அந்த மடத்தை விட்டால் போக்கிடமும் கிடையாது. அது இருவருக்கும் தெரியும்.

"காத்தமுத்து என்ன சொல்றார்?" என்று அம்மா கேட்டார்.

"அவர்கிட்ட இன்னும் பேசல. மொதல்ல விசாரணை முடியட்டும்னு இருந்தேன்."

"நாளைக்குச் சொல்றேன். காலையில வழிபாடு முடிஞ்சதும் நானும் இருக்கேன்."

மறுநாள் காலை தீபாராதனை முடிந்தது. அம்மா உள்ளே போகாமல் தூண் பக்கமாக நின்றார். வைத்தியலிங்கம் எல்லோரையும் பார்த்து, "இன்னைக்குப் பேர் எதுவும் இல்லை" என்றார். முடிவு தெரியாமல் இருளப்பன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தார்.

"ஒரு பேர் இருக்கு" என்றார் அம்மா.

எல்லோரும் இருளப்பனைப் பார்த்தார்கள். அவர் தலை அதற்கு முன்பே குனிந்திருந்தது.

"வைத்தியலிங்கம்" என்றார் அம்மா.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

வைத்தியலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். காது மடல் சுட்டது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்காமல் போனது இரக்கத்தால்தான் என்பது புரிந்தபோது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

என்ன தவறு செய்தோம் என்று யோசித்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகாததா? நேற்று அம்மா முன்னால் குரலை உயர்த்திப் பேசியதா? போன வாரம் விருந்தினரை வெயிலில் நிற்க வைத்ததா? யோசிக்க யோசிக்கத் தவறுகள் ஊறிக்கொண்டே வந்தன. எது என்று மட்டும் பிடிபடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. கோபம் ஆறியதும் அவமானம் வந்தது. அது ஆறவில்லை. தெய்வானை கொண்டுவந்து வைத்த இட்லியை ஒரு விள்ளல் பிட்டு வாயில் வைத்தார். இறங்கவில்லை.

பந்திக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது காத்தமுத்துவின் மனைவி ராக்காயி போன் செய்தாள்.

"அய்யா, அவருக்குக் காய்ச்சல் கொதிக்குது. இங்க வச்சுப் பாக்க முடியாது, டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி மடத்து வேனை அனுப்பச் சொல்லுங்கய்யா."

"இதோ சொல்றேம்மா" என்றார்.

அம்மாவின் அறை வாசல் வரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையில் ஒன்று. இப்போது இது. இதையும் தன் தலையில்தானே வைப்பார்? பந்தி முடியட்டும் என்று திரும்பி வந்தார். பந்தி முடிந்தது. அம்மா கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டும் என்று இருந்தார். அம்மா பகலில் படுக்கிற வழக்கமே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வெயில் சாய்ந்த பிறகுதான் உள்ளே போனார்.

"காத்தமுத்துக்குக் காய்ச்சலாம்மா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். வேன் வேணும்னு ராக்காயி..."

"கொண்டு போயாச்சு."

வைத்தியலிங்கம் விழித்தார்.

"உங்ககிட்டச் சொல்லிட்டு ராக்காயி ரொம்ப நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாத்திருக்கா. வேன் வரல. தெய்வானைக்குப் போன் பண்ணியிருக்கா. அவ வாய்த்துணியைப் பிச்சுப் போட்டுட்டு, அரிவாமனையை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தா."

"இப்ப எப்படி இருக்காரு?"

"ஊசி போட்டிருக்காங்க. காய்ச்சல் இறங்குதாம். கால் ஆற நாளாகும்னு சொல்றாங்க."

வைத்தியலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"ராக்காயி உங்களுக்கு எப்பச் சொன்னா?"

"பந்திக்கு முன்னாடி."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பந்தி நேரம்மா. கூட்டம் வேற..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். "பயமா இருந்துச்சும்மா."

"நான் உங்களை அடிச்சிருப்பேனா?"

"இல்லம்மா."

"திட்டியிருப்பேனா?"

"இல்ல."

"வந்த நாள்லேருந்து ஒரு தடவையாவது திட்டியிருக்கேனா?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்புறம் என்ன பயம்?"

"காலையில எல்லாருக்கும் முன்னாடி என் பேரைச் சொன்னீங்க."

"பேரை மட்டும்தானே சொன்னேன்."

வைத்தியலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா எழுந்து வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லும்போது எனக்கு நாக்கு கூசிச்சு. செய்யக் கூடாத காரியம்தான். அந்தச் சமையற்கட்டு ஊமையாப் போனப்ப, பரவாயில்லையே, அமைதியா இருக்கேன்னு நானும்தான் சும்மா இருந்தேன். காத்தமுத்து காலைப் பாத்துட்டு வந்தப்புறம் எனக்குச் சோறு இறங்கல."

வெளியே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சுக்குரல் இல்லை.

"நேத்து ஒண்ணு கேட்டீங்க" என்றார் அம்மா. "தெரிஞ்சும் சொல்லாத ஆளை எப்படி வச்சுக்கிறதுன்னு. இப்பக் கேளுங்க."

"நான் போயிடறேம்மா" என்றார் வைத்தியலிங்கம்.

"எங்க?"

"மகன் வீட்டுக்கு. கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான்."

"உங்களுக்குப் போக இடம் இருக்கு" என்றார் அம்மா.

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்டாவுக்குப் புது வளையம் போட்டாச்சா?" என்று கேட்டார் அம்மா.

"காலையிலேயே கொல்லர் வந்து போட்டுட்டார்."

"நல்லா இருக்கா?"

"இருளப்பனைத்தான் பாக்கச் சொன்னேன். ஆட்டிப் பாத்துட்டு, வாயைத் திறக்காமத் தலையாட்டினாரு."

"தலையாட்டினாரு" என்றார் அம்மாவும்.

சொல்லிவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"காத்தமுத்து நடந்து வர்ற வரைக்கும் அண்டாக் கம்போட அந்த முனைக்கு ஆள் இல்ல. நாளையிலேருந்து நீங்க பிடிங்க. இந்த முனையில இருளப்பன் இருப்பார்."

வைத்தியலிங்கம் தன் கால்களைப் பார்த்தார். அண்டாவின் கொதி அவர் கண்ணுக்குள் வந்தது.

"வளையம் ஆடினா அவர் எங்கிட்டச் சொல்லுவாராம்மா?"

"எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "தூக்கறதுக்கு முன்னாடி நீங்கதான் தெரிஞ்சுக்கணும்."